இரும்புக் கையும் எலும்புக் குதிரையும்

ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரி காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடியிருந்தது. சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் வாளி, பழைய மிக்ஸி என்று தெருவின் இரண்டு பக்கமும் கடைகள். பழைய புத்தகங்கள் பரப்பிவைத்திருந்த ஓர் இடத்தில் குனிந்து நின்றார் முத்தியால்பேட்டைப் பெரியப்பா. மின்துறையில் லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவருடைய தம்பி மகள். பி.காம் இரண்டாம் ஆண்டு. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா.

பெரியப்பா அன்றைக்குப் புத்தகம் வாங்கப் போகவில்லை, விற்க விலை கேட்கப் போயிருந்தார். பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய காமிக்ஸ் இருக்கிறது. முத்து, லயன், திகில், ராணி என்று எல்லாம் உண்டு. மகன் கனடாவில் இருக்கிறார். பேரனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரப்போகிறார்கள். பெட்டிகளை இறக்கித்தான் ஆகவேண்டும். இறக்கினால் மறுபடி ஏற்ற வேண்டுமா என்பதுதான் கேள்வி.

"பெட்டியோட மொத்தமா எடுத்துக்கிறேன் சார்" என்றார் கடைக்காரர்.

பெரியப்பா பதில் சொல்வதற்குள் பாப்பா குறுக்கே புகுந்தாள். "உங்க மாயாவிக்குக் கரண்ட் கட் ஆனா ஒரு வேலையும் ஓடாதாமே, நிஜமா பெரியப்பா?"

"ஏன், உன் பேட்மேனுக்குப் பணம் கட் ஆனா மட்டும் ஓடுமா?"

"அதான் இப்ப கட் பண்ணிட்டாங்களே!"

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். பேட்மேனிடம் பணம் இல்லையா? எப்போதிலிருந்து?

அங்கேயே ஒரு பந்தயம் முடிவானது. பாப்பா தன்னிடம் இருக்கும் புது சூப்பர் ஹீரோ காமிக்ஸில் மூன்றைப் பெரியப்பாவுக்குக் கொடுப்பாள். பெரியப்பா பெட்டியிலிருந்து மூன்றை எடுத்துப் பாப்பாவுக்குக் கொடுப்பார். இரண்டு வாரம் அவகாசம். படித்துவிட்டுப் பத்துக்கு மார்க் போட வேண்டும். பெட்டியை விற்பதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு.

பணம் போன பேட்மேன்

பாப்பா முதலில் கொடுத்தது 'அப்சல்யூட் பேட்மேன்'. டிசி நிறுவனம் 2024 அக்டோபரில் தொடங்கிய வரிசை இது. ஸ்காட் ஸ்னைடர் எழுதுகிறார், நிக் டிராகோட்டா வரைகிறார். மாதாமாதம் வந்த இதழ்களில் முதல் சிலவற்றைச் சேர்த்துப் போட்ட தொகுப்பைப் பாப்பா வாங்கி வைத்திருந்தாள். பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வரும், ஆனால் மெதுவாகத்தான் வரும். கொச்சைப் பேச்சு வரும் இடங்களில் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொன்னாள்.

பேட்மேன் என்றால் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்றுதான். கோடீஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதில் அப்பா அம்மா இரண்டு பேரும் கண்ணெதிரே சுடப்படுகிறார்கள். வளர்ந்த பிறகு அரண்மனை போன்ற வீடு, குகை, கார், கூடவே விசுவாசமான வேலையாள் ஆல்ஃப்ரெட். இந்தப் புது வரிசையில் அதையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். புரூஸ் வெய்னின் அப்பா இங்கே பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப்போன இடத்தில் நடக்கும் துப்பாக்கிச்சூட்டில் சாகிறார். அம்மா உயிரோடு இருக்கிறார். புரூஸ் சிவில் இன்ஜினீயர். மாளிகை கிடையாது, பரம்பரைச் சொத்து கிடையாது. தோள் மட்டும் எருமை மாட்டுத் தோள்.

"இதுதாம்மா சரி" என்றார் பெரியப்பா. "பணம் இருக்கிறவன் ராத்திரியில வேஷம் போட்டுட்டுத் திருடனை அடிக்கிறதுல என்ன பெருமை இருக்கு? காலையில வேலைக்குப் போகணும், அம்மாவுக்குப் பதில் சொல்லணும், அதுக்கு நடுவுல இதையும் செய்யணும். அதுதான் வீரம்."

இன்னொரு விஷயமும் அவருக்குப் பிடித்தது. பழைய கதைகளில் பேட்மேனுக்கு வில்லன்களாக வரும் பெங்குவின், ரிட்லர், டூ-ஃபேஸ் போன்றவர்கள் இதில் புரூஸின் சின்ன வயது சிநேகிதர்கள். ஒன்றாக உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். இவர்களில் யார் எப்போது கெட்டுப்போவார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் பயமாக இருக்கிறது. "நம்ம தெருவுல கூட வளர்ந்தவங்க மாதிரி" என்றார்.

ஆனால் அடிதடி அவருக்கு ஒத்துவரவில்லை. மார்பில் இருக்கும் வௌவால் சின்னம் கழன்று வந்து கோடரி ஆகிறது. முதல் இதழிலேயே அதனால் ஒருவன் கையை வெட்டுகிறார் பேட்மேன். "எங்க ஆளுக்குக் கை போனதுனாலதான் சக்தி வந்துச்சு. இவன் அடுத்தவன் கையை வெட்டுறானே! சின்னப் பசங்க கையில இதைக் கொடுக்காதே." பத்துக்கு 7.

பெரியப்பா சாகாத ஸ்பைடர்மேன்

இரண்டாவது புத்தகம் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்'. மார்வெல் வெளியீடு. 2024 ஜனவரியில் முதல் இதழ் வந்தது. எழுத்து ஜொனாதன் ஹிக்மன், ஓவியம் மார்கோ செக்கெட்டோ.

1962-ல் வந்த முதல் கதையிலிருந்து ஸ்பைடர்மேனுக்கு ஓர் இலக்கணம் உண்டு. பள்ளிக்கூடம் போகும் பையன். சிலந்தி கடிக்கிறது. சக்தி வருகிறது. தலைக்கனமும் வருகிறது. ஓடும் திருடனை 'எனக்கென்ன' என்று விட்டுவிடுகிறான். அதே திருடன் அவனுடைய அங்கிள் பென்னைக் கொன்றுவிடுகிறான். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் பீட்டர் பார்க்கர் ஹீரோ ஆகிறான். சினிமாவில் எத்தனை முறை எடுத்தாலும் இந்த அஸ்திவாரத்தில் பெரும்பாலும் கை வைக்க மாட்டார்கள்.

இங்கிலீஷில் 'அங்கிள்' என்றால் மாமாவா, சித்தப்பாவா, யாருக்கும் தெரியாது. பெரியப்பா இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கேட்டார். "இந்த பென் யாரு? அவங்கப்பாவுக்கு அண்ணனா?"

"ஆமா பெரியப்பா."

"அப்போ அங்கிள் இல்ல. பெரியப்பா!"

அவருக்கு ஒரே குஷி. ஏனென்றால் இந்தப் புது வரிசையில் பென் சாகவில்லை. இறந்துபோனது அத்தை மே என்று எல்லோரும் கூப்பிடும் அவருடைய மனைவி. நம் கணக்கில் பெரியம்மா. பீட்டருக்கு இதில் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மேரி ஜேனைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு பையன், ஒரு பெண் என்று குடும்பஸ்தனாக இருக்கிறான். பத்திரிகை ஆபீஸில் வேலை. சிறு வயதில் கடிக்க வேண்டிய சிலந்தியை வில்லன் ஒருவன் கடிக்கவிடாமல் செய்துவிட்டான். ஏதோ ஒன்று வாழ்க்கையில் தவறிப்போனது போலவே பீட்டருக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. பல வருடம் கழித்து அந்தச் சிலந்தி அவன் கைக்கு வருகிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று. அவனே யோசித்து முடிவு செய்கிறான்.

"இத்தனை வருஷமா பெரியப்பாவைச் சாகடிச்சுத்தான் கதையை ஆரம்பிச்சாங்க. உயிரோட வெச்சும் ஆரம்பிக்கலாம்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. பத்துக்குப் பத்து!"

"பெரியப்பா, இது நேர்மையான மார்க் இல்ல."

கொஞ்சம் யோசித்துவிட்டு ஒன்றைக் குறைத்துக்கொண்டார். காரணமும் சொன்னார். முதல் இதழ் முழுக்க வீடு, ஆபீஸ், சோகம், பேச்சு. சிலந்தி கடிப்பதே கடைசியில்தான். மாசம் பூரா காத்திருந்து வாங்கிய ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் இதைப் புரட்டினால் ஏமாந்துபோவான். அவருக்கு அது பிடித்ததற்குக் காரணம் அவருடைய வயது. "வாழ்க்கையில ஒண்ணு தவறிப்போச்சோன்னு தோணுற ஆளுக்குத்தான் இந்தக் கதை. பத்து வயசுப் பையனுக்கு என்ன தவறியிருக்கும்?" பத்துக்கு 9.

நம்ம ஆளு!

மூன்றாவது 'அப்சல்யூட் வொண்டர் வுமன்'. இதுவும் 2024 அக்டோபரில் தொடங்கியது. எழுத்து கெல்லி தாம்ப்சன், ஓவியம் ஹேடன் ஷெர்மன். பெண் கதாநாயகி, கிரேக்க புராணம் என்றதும் பெரியப்பா இதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்.

பழைய கதையில் டயானா அமேசான் பெண்களின் தீவில் இளவரசியாக வளர்கிறாள். புதுக் கதையில் அந்தத் தீவும் இல்லை, சகோதரிகளும் இல்லை. குழந்தையாக நரகத்தில் கொண்டுபோய் விடப்படுகிறாள். வளர்ப்பது சர்சி என்ற சூனியக்காரி. வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டவள் கடைசியில் தாயாகிப் போகிறாள். அந்த நரகத்தில் வளர்ந்தும் டயானாவுக்கு இரக்கம் மட்டும் குறையவில்லை. அவள் ஏறி வரும் பறக்கும் குதிரைக்குச் சதை கிடையாது, வெறும் எலும்பு. ஒவ்வொரு பக்கத்தையும் படம் போட்டு மாட்டலாம் போல வரைந்திருக்கிறார்கள்.

இரவு பதினொரு மணிக்குப் பாப்பாவுக்குப் போன் வந்தது.

"பாப்பா! இவளுக்கும் ஒரு கை இல்லம்மா!"

கதைப்படி, நரகத்தில் வந்து மாட்டிக்கொண்ட ஒருவனைத் திரும்ப பூமிக்கு அனுப்புவதற்காக டயானா தன் கையையே பலி கொடுக்கிறாள். அதன் பிறகு அவளுக்குச் செயற்கைக் கை. பெரியப்பா ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினார். 1972-ல் அவருக்கு ஒன்பது வயது. பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கிய முதல் முத்து காமிக்ஸின் அட்டையில் பார்த்த ஆளும் கை இழந்தவன்தான்.

"எங்க மாயாவிக்கு விபத்துல கை போச்சு. இவ அடுத்தவனுக்காகத் தானே கொடுக்கிறா. அவனைவிட இவ ஒரு படி மேல." ஐம்பது வருடத்து மாயாவி ரசிகர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது சாதாரண விஷயமில்லை. பத்துக்கு 9½. அரை மார்க் ஏன் குறைந்தது என்று கேட்டால், "முதல்லயே இதைக் கொடுத்திருக்கணும் நீ" என்கிறார்.

பாப்பா போட்ட மார்க்

பெரியப்பா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது மூன்று புத்தகம். முதலாவது 'இரும்புக்கை மாயாவி'. சிவகாசியிலிருந்து 1972 ஜனவரியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ். அடுத்தது ஸ்பைடரின் 'எத்தனுக்கு எத்தன்', 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸில் அந்த வருடமே வந்தது. மூன்றாவது, சட்டித்தலையன் என்று செல்லமாக அழைக்கப்பட்ட ரோபோ ஆர்ச்சியின் 'இரும்பு மனிதன்'.

பாப்பா படித்தது இங்கிலீஷ் மீடியம். தமிழ் படிப்பாள், ஆனால் எழுத்துக்கூட்டுகிற வேகம்தான். பொடி எழுத்து, மங்கிய கறுப்பு வெள்ளை. மாயாவி முடிக்க மூன்று சாயங்காலம் ஆனது.

முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "பெரியப்பா, இவன் ஹீரோவே இல்லையே? திருடன்!"

உண்மைதான். மாயாவியின் சொந்த ஊர் லண்டன். 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962-ல் 'தி ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் வந்தவன். கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிளாஸ்கோ வரைந்தது. லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். கை போய் இரும்புக் கை பொருத்தியிருக்கிறான். ஆய்வுக்கூட விபத்தில் மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து கை மட்டும் தெரிகிறது. அந்தச் சக்தியை வைத்து அவன் முதலில் செய்வது கொள்ளை. பின்னாடிதான் மனம் மாறி உளவாளி ஆகிறான்.

ஸ்பைடர் இன்னும் மோசம். 'குற்றச் சக்கரவர்த்தி' என்பதுதான் அவன் பட்டமே. உலகத்திலேயே பெரிய கொள்ளைக்காரன் ஆவதற்காக ஆள் சேர்த்துக் கிளம்பியவன். அவனும் பின்னாடிதான் திருந்தினான். இங்கே பெரியப்பா பாப்பாவுக்கு ஒரு செய்தி சொன்னார். பிரிட்டனின் 'லயன்' இதழில் ஸ்பைடரின் முதல் கதைகளை எழுதியவர் டெட் கோவன். அதற்கப்புறம் எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல். சூப்பர்மேன் உரிமையை இரண்டு பேரும் சேர்ந்து விற்றது வெறும் 130 டாலருக்கு. உலகத்துக்கே சூப்பர் ஹீரோவைக் கொடுத்தவர், பிற்காலத்தில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்துப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்த கதைகளைத்தான் முத்தியால்பேட்டைப் பையன்கள் மாற்றி மாற்றிப் படித்துக் கிழித்தார்கள்.

"அமெரிக்காக்காரன் நல்லவனையே ஹீரோ ஆக்கினான். நமக்குப் பிடிச்சவங்க எல்லாம் திருந்தினவங்க. திருமங்கையாழ்வாரே வழிப்பறி பண்ணினவர்தானேம்மா!"

பாப்பாவுக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. கதையின் வேகமும் பிடித்திருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டிஷ் பத்திரிகைகளில் இந்தக் கதைகள் வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக வந்தவை. அடுத்த வாரமும் பையன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதால் கடைசிக் கட்டத்தில் கட்டாயம் ஒரு ஆபத்து இருக்கும். தமிழில் எல்லா வாரத்தையும் ஒட்டி ஒரே புத்தகமாகப் போட்டபோது, இரண்டு பக்கத்துக்கு ஒரு ஆபத்து என்று கதை குதிரைப் பாய்ச்சலில் ஓடியது. முக்கியமாக, அதே புத்தகத்தில் முடிந்தது.

"எங்களுது முடியவே முடியாது பெரியப்பா. மாசம் இருபது பக்கம் சொச்சம். ஒரு இதழ் 4.99 டாலர். நம்ம காசுல நானூறுக்கு மேல. அடுத்து என்னன்னு தெரிய இன்னொரு நானூறு." மாயாவிக்கு 8, ஸ்பைடருக்கு 7.

ஆர்ச்சியில்தான் வம்பு வந்தது. அவள் நான்கு மார்க்கோடு நிறுத்திவிட்டாள்.

"சிரிப்பு நல்லாதான் இருக்கு. ஆனா ஒரு பொண்ணு கிடையாது. மாயாவி, ஸ்பைடர்லயும் அப்படித்தான். காட்டுல இருக்கிற ஆப்பிரிக்காக்காரங்களைப் பாருங்க. வெள்ளைக்காரனைப் பார்த்தா கும்பிடணும், ரோபோவைப் பார்த்தா ஓடணும். அவங்களுக்கு மூளையே இல்லாத மாதிரி வரைஞ்சிருக்காங்க. இதை எப்படி ரசிச்சீங்க?"

ஆர்ச்சி பிறந்தது 1952-ல். 'காட்டு ரோபோ' என்ற பொருள்படும் தலைப்பில் பிரிட்டனின் 'லயன்' முதல் இதழிலேயே வந்தவன். காலனி ஆட்சி நடந்த நாட்களில், அந்த நாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதிய கதை. பெரியப்பா புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் பொறந்தப்பக்கூட இந்த ஊர்ல பிரெஞ்சுக்காரன் போய் ரொம்ப நாள் ஆகலம்மா. ஆனாலும் இதைப் படிக்கிறப்போ நான் ரோபோ பக்கம்தான் நின்னேன். அந்தக் காட்டு ஜனங்க பக்கம் நின்னு ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல" என்றார். மார்க்கைப் பற்றி அவர் வாதாடவில்லை.

பக்கத்து வீட்டு ஆல்பம்

கதை முடியவேண்டும் என்ற பேச்சு வந்ததால் இன்னொரு வீட்டுக்கும் போக வேண்டியதாயிற்று. புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள் உண்டு. பெரியப்பா தெருவிலும் ஒரு வீடு இருக்கிறது. அங்கே அலமாரியில் பிரெஞ்சு காமிக்ஸ் ஆல்பங்கள். கெட்டி அட்டை, பெரிய சைஸ், முழு வண்ணம். பல ஆல்பங்கள் ஐம்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும். மாதாமாதம் துரத்துகிற வேலை இல்லை.

அந்த அலமாரியில் கௌபாய் இருக்கிறான், துப்பறிவாளன் இருக்கிறான். சூப்பர் ஹீரோ மட்டும் இல்லை. அதற்கும் ஒரு கதை உண்டு. சிறுவர் பத்திரிகைகளைக் கண்காணிக்க பிரான்ஸில் 1949-ல் ஒரு சட்டம் வந்தது. வன்முறைக்கு ஆசை காட்டும் கதைகள் கூடாது என்றார்கள். 1969-ல் லியோன் நகரத்துப் பதிப்பகம் ஒன்று மார்வெல் கதைகளை 'ஃபான்டாஸ்க்' என்ற பெயரில் கொண்டுவந்தது. கண்காணிப்புக் குழுவின் எதிர்ப்பால் ஏழே இதழில் நின்றுபோனது. அடுத்த வருடம் 'ஸ்ட்ரேஞ்ச்' என்ற பெயரில் மறுபடி ஆரம்பித்தார்கள், அது நிலைத்தது. 1972-ல் பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சூப்பர் ஹீரோவையும் செய்தார்கள். பெயர் சூப்பர்டுபோன். தலையில் பெரே தொப்பி, காலில் வீட்டுச் செருப்பு. முழுக்க முழுக்கக் கிண்டல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேப்டன் டைகரும் லக்கி லூக்கும் XIII-உம் பெரியப்பாவுக்கு நாலு வீடு தள்ளி பிரெஞ்சில் இருந்தார்கள். அவருக்கு அறிமுகமானது சிவகாசி வழியாகத் தமிழில்! டைகரின் நிஜப் பெயர் புளூபெர்ரி என்பதே அந்த அலமாரியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"மொழிபெயர்க்க ஒரு ஆள் இருந்தான், அதனால எனக்குக் கிடைச்சுது" என்றார் பெரியப்பா. "உன் எலும்புக் குதிரைக்காரியைத் தமிழ்ல யாராவது போட்டா நாலாங்கிளாஸ் பசங்ககூடப் பேரு சொல்லுவாங்க. பேட்மேன் முன்னாடி தமிழ்ல வந்தவர்தானே."

அதில் ஒரு கவலையும் இருந்தது. லயனும் முத்துவும் இடையில் தளர்ந்துபோய் 2012-ல் புது உற்சாகத்தோடு திரும்பி வந்தன. இன்றைக்கும் நல்ல தாளில், வண்ணத்தில் வருகின்றன. மாயாவியும் ஸ்பைடரும் பிரிட்டனிலேயே 2021-ல் புதுப் பதிப்பு கண்டார்கள். ஆனால் பெரியப்பாவுக்குத் தெரிந்து சந்தா கட்டுகிறவர்கள் எல்லாம் அவர் வயதுக்காரர்கள். அவர்கள் கேட்பதும் சின்ன வயதில் படித்த அதே மாயாவி, அதே ஸ்பைடர். "நாங்க எங்க பால்யத்தைத்தான் திரும்பத் திரும்ப வாங்குறோம். ஒன்பது வயசுப் பையன் வாங்க என்ன இருக்கு?" இதைச் சொன்னது மாயாவிக்குத் தலைமுறை ரசிகர். தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

பெட்டி என்ன ஆனது?

இரண்டு வாரம் முடிந்தது. வெள்ளையடிக்க ஆள் வந்தாயிற்று. பெட்டிகள் இரண்டும் கூடத்தில் திறந்து கிடந்தன. பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "தூசி, தூசி" என்று உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தார்.

பாப்பா எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்வாள் என்று பெரியப்பா எதிர்பார்த்தார். அவள் அப்படிச் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பிரித்தாள். ஒரே கதையில் மூன்று பிரதி இருந்தவை, பாதி கிழிந்தவை, அவரே திரும்பப் படிக்காதவை எல்லாம் ஒரு பக்கம் போயின. அது ஒன்றரைப் பெட்டி. மற்ற அரைப் பெட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாள்.

"மீதியைக் கொடுத்துடலாம் பெரியப்பா. யாராவது தேடிக்கிட்டு இருப்பாங்க."

ஆர்ச்சியை அவள் எந்தப் பக்கம் வைக்கிறாள் என்று பெரியப்பா கவனித்தார். தன் பக்கம்தான் வைத்தாள்.

"நாலு மார்க் போட்ட புத்தகமாச்சே?"

"அதுல பேசறதுக்கு நிறைய இருக்கு."

கடைக்காரருக்குப் போன் செய்து, ஒன்றரைப் பெட்டிதான் என்றார் பெரியப்பா. விலை கொஞ்சம் குறைந்தது. போனை வைத்துவிட்டு, அப்சல்யூட் வொண்டர் வுமன் அடுத்த தொகுப்பு என்ன விலை என்று பாப்பாவிடம் கேட்டார். வந்த பணத்தில் அதை வாங்கலாமா என்று பெரியம்மாவுக்குக் கேட்காத குரலில்தான் கேட்டார்.

மார்க் ஷீட்

பெரியப்பா போட்டது: அப்சல்யூட் பேட்மேன் 7, அல்டிமேட் ஸ்பைடர்மேன் 9, அப்சல்யூட் வொண்டர் வுமன் 9½.

பாப்பா போட்டது: இரும்புக்கை மாயாவி 8, எத்தனுக்கு எத்தன் 7, இரும்பு மனிதன் 4.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு வார்த்தை. அப்சல்யூட் பேட்மேனில் ரத்தம் அதிகம், கல்லூரி வயசுக்குத்தான் சரி. அல்டிமேட் ஸ்பைடர்மேனை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கலாம், அப்பா அம்மாவும் கூடப் படிக்கலாம். வொண்டர் வுமனில் நரகமும் பூதங்களும் வருவதால் பெரியவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

மாயாவியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கூடவே ஒன்றைச் சொல்லச் சொல்கிறார் அந்த ஓய்வுபெற்ற லைன்மேன். "ஷாக் அடிச்சா உடம்பு மறையாது தம்பி. ஆளே போயிடுவான். ப்ளக் பக்கம் போகாதே, புத்தகத்தை மட்டும் படி."